சைபீரியா உள்ளானும் மேடவாக்கம் முயலும்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அக்கா மகன் பறவைக் கட்சி, அதிலும் அபூர்வப் பறவைக் கட்சி. பழவேற்காடு ஏரியில் கிரேட் நாட் என்கிற சைபீரிய உள்ளான் (சேற்றில் மேய்கிற கரைப்பறவை) இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தால் போதும், மறுநாள் அவனுக்குக் காலேஜ் போக முடியாதபடி வயிற்றுவலி வந்துவிடும். நான் முயல் கட்சி. மேடவாக்கத்தில் குடியிருக்கிறேன். நன்மங்கலம் காப்புக்காட்டின் ஓரம் நடந்து போகிற தூரம்தான். அந்தக் காட்டிலும் அதைச் சுற்றி இன்னும் கட்டிடம் ஏறாத மனைகளிலும் காட்டு முயல் உண்டு.

"முயலெல்லாம் ஒரு மேட்டரா மாமா? அது எங்க வேணா இருக்கும்."

"எங்க வேணா இருக்கிறதை நீ எத்தனை தடவை பார்த்திருக்க?"

இந்த இடத்தில் அவன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. முயலை அடித்தவனைவிட யானையைக் குறிவைத்துத் தவறவிட்டவன் மேல் என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. பறவை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பாடம் கொஞ்சம் அதிகமாகவே ஊறிப்போயிருக்கிறது. ஆனால் உள்ளானையும் முயலையும் மாறி மாறித் தேடி அலைந்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: அபூர்வமானதைப் பார்ப்பது சுலபம். சாதாரணமானதைப் பார்ப்பதற்குத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது.

ஏன் சுலபம் என்கிறேன்? அபூர்வப் பறவை என்பது ஊரே சேர்ந்து தேடிக் கொடுக்கிற பறவை. யாரோ ஒருவர் பார்க்கிறார், பறவைக் குறிப்புகளைப் பதிகிற இ-பேர்ட் தளத்தில் படத்தோடு ஏற்றுகிறார், வரைபடத்தில் புள்ளி விழுகிறது. எந்தத் தேதி, எந்தக் கரை, எந்தக் கூட்டத்தோடு நின்றது என்று எல்லாம் கையில் வந்துவிடும். நாம் செய்ய வேண்டியது அதிகாலையில் எழுவது, பொன்னேரி வழியாக வண்டியை விடுவது, அங்கே போய்ப் பொறுமையாகப் பார்ப்பது, அவ்வளவுதான். அப்படியும் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். எதனால் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதல் காரணம் தண்ணீர். நவம்பர், டிசம்பரில் போனால் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிறைத்துவிட்டிருக்கும். பூநாரைக்கு அது பிரச்சினை இல்லை, கால் நீளம். உள்ளானுக்குக் கால் குட்டை, நிற்க இடமே இருக்காது. மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்து சேறு வெளியே தெரியத் தொடங்கும் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். அலையேற்ற அட்டவணையை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்குவதே சுமார் ஒரு மீட்டர்தான். பழவேற்காட்டில் எவ்வளவு சேறு தெரியும் என்பது முகத்துவாரம் திறந்திருக்கிறதா, மணல் மூடிக் கிடக்கிறதா என்பதைப் பொறுத்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் பொறுத்தது. எந்தச் செயலியும் இதைச் சொல்லாது. வலை போடுகிறவர்களைக் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது வெளிச்சம். அண்ணாமலைச்சேரி மாதிரி மேற்குக் கரையில் காலையில் நின்றால் சூரியன் நேர் எதிரே. முன்னால் நிற்கிற ஆயிரம் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். அந்தக் கரைக்குச் சாயங்காலம் போக வேண்டும். காலையில் போனால் சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி படகில் கிழக்கே சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் சேற்றின் மேல் கானல் ஆட ஆரம்பித்துவிடும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய தொலைநோக்கியாக இருந்தாலும் அதில் தெரிவது நடுங்குகிற சாம்பல் புள்ளிகள்தான்.

மூன்றாவது படகு. "பூநாரைதானே சார்? கிட்டவே கூட்டிட்டுப் போறேன்" என்பார் படகுக்காரர். அவருக்கு அதுதான் பழக்கம். வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, பூநாரை வேண்டாம். உள்ளான் கூட்டம் எங்க மேயுதோ அங்க தூரத்திலேயே மோட்டாரை அணைச்சுட்டுக் கழி ஊன்றிப் போனாப் போதும்." எங்களைக் கூட்டிப்போனவர் சிரித்துவிட்டார். "உள்ளானைப் பார்க்கவா பெட்ரோல் போட்டுக்கிட்டு வந்தீங்க? எங்கப்பா காலத்துல அதைக் கறிக்குப் பிடிப்பாங்க சார்." அவர் சொன்னது நிஜம். உள்ளானுக்கும் முயலுக்கும் ஒரு காலத்தில் இருந்த ஒரே ஒப்பீடு எதன் கறி ருசி என்பதுதான். எங்கள் தாத்தா இரண்டையும் தின்றவர். உள்ளான்களில் எத்தனை வகை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

சரி, கூட்டத்தைக் கண்டாகிவிட்டது. அதற்குள் அந்த ஒரு பறவையைப் பிரித்தெடுப்பது எப்படி? குளிர்காலத்தில் இந்த ஜாதி எல்லாமே சாம்பல். கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், மணல்நிற உப்புக்கொத்தி (இதை இப்போது இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள், அந்தத் தலைவலி தனி) எல்லாம் ஒன்றாக மேயும். நிறத்தை மறந்துவிட்டு அளவில் ஆரம்பியுங்கள். கிரேட் நாட் சுமார் 27 செ.மீ. நீளம். சுற்றி நிற்கிற வளைமூக்கு உள்ளானைவிட நன்றாகவே பெரிது, உடம்பும் தடிமன். அந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வருவது சாம்பல் உப்புக்கொத்தி. ஆனால் அதன் மூக்கு குட்டை, கண் பெரிது. அது கொஞ்சம் ஓடும், நிற்கும், சட்டென்று ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். பறக்கும்போது சிறகின் அடியில், அக்குளில், ஒரு கறுப்புத் திட்டு தெரியும். கிரேட் நாட் ஓடாது. குனிந்தபடியே மெதுவாக நடந்து சேற்றைக் குத்திக்கொண்டே போகும். தலையைவிட நீளமான மூக்கு, நுனியில் லேசாகக் கீழே சரிந்திருக்கும். நெஞ்சில் கறுப்புப் புள்ளிகள் சிதறியிருக்கும். பச்சை கலந்த சாம்பல் கால், குட்டையானது.

எங்களுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அது கண்ணுக்குக் கிடைப்பதற்குள் படகில் பெரிய சண்டை. அக்கா மகன் பார்த்த சாம்பல் உப்புக்கொத்தி எல்லாம் கிரேட் நாட்தான் என்று சாதித்தான். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற வியாதி, அபூர்வத்தைத் தேடிப் போகிறவர்களுக்குச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பார்க்க ஆசைப்பட்டது கண்ணில் தெரிய ஆரம்பித்துவிடும். அதற்கு மருந்து ஒன்றுதான்: பறவை பறக்கும்வரை காத்திருந்து, அக்குளையும் வாலுக்கு மேலே இருக்கிற வெள்ளையையும் பார்த்த பிறகு பேசுவது. முடிந்தால் படம். மங்கலாக இருந்தாலும் பறக்கிற படம் நல்லது.

அசல் ஆள் கிடைத்தபோது கொஞ்ச நேரம் எங்கள் படகைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தது. மூக்கை வேர்வரை இறக்கி, ஒரு பக்கம் நெம்பி, எதையோ இழுத்தது. ஒரு சின்ன மட்டி. சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். உடைக்கவில்லை, தட்டவில்லை, நீரில் ஒருமுறை அலசி அப்படியே ஓட்டோடு விழுங்கியது. தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது. அரைக்கிற உரல் உள்ளே இருக்கிறது. அந்தத் தசைப்பை ஓட்டை நொறுக்கிச் சதையைப் பிரித்துவிடும். நீண்ட பயணத்துக்கு முன் கொழுப்பை ஏற்றிக்கொள்கிற இந்தப் பறவை, பறக்கும்போது தன் குடல், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளையே கரைத்துச் சுருக்கிக்கொள்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலிருந்து கிளம்பி 5,000 கிலோமீட்டருக்கும் மேல் நிற்காமல் பறந்து சீனக் கரையில் இறங்குகிற கூட்டத்தில்தான் அதை அளந்து பார்த்தார்கள். நம் கரைக்கு வருவது அந்தப் பெருங்கூட்டத்தோடு சேராத சில பறவைகள்தான். அதனால்தான் இங்கே ஒன்று தெரிந்தாலே வாட்ஸ்அப் அதிர்கிறது.

இது அபூர்வமான கதைக்கும் சீனக் கடல் பக்கம்தான் போக வேண்டும். சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் குஞ்சு பொரிக்கிற இந்த இனம், போகும்போதும் வரும்போதும் மஞ்சள் கடலின் சேற்றுப் பரப்புகளில் இறங்கித் தின்று தேறும். தென் கொரியாவில் சேமாங்கும் என்கிற இடத்தில் 33 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் சுவர் எழுப்பி, 2006-இல் அதை அடைத்தார்கள். உள்ளே இருந்த சேற்றுக்கு அலை வருவது நின்றது, மட்டி செத்தது, அதை நம்பி இறங்கிய பறவைகளுக்குச் சாப்பாடு போயிற்று. ஆஸ்திரேலியக் கரைகளில் வருஷா வருஷம் தலை எண்ணிவந்தவர்கள் கணக்கில் பெரிய துண்டு விழுவதைப் பார்த்தார்கள். பறவைகள் வேறு எங்கும் இடம் மாறிப் போகவில்லை, காணாமலே போய்விட்டன என்று அப்புறம்தான் புரிந்தது. 2015-இல் கிரேட் நாட், உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் (IUCN) பட்டியலில் அழியும் ஆபத்தில் இருக்கும் இனங்களின் வரிசைக்கு ஏறியது. பழவேற்காட்டில் அதோடு நின்ற சாம்பல் உப்புக்கொத்தியும் வளைமூக்கு உள்ளானும்கூட 2024-இல் ஆபத்துப் பட்டியலில் மேலே தள்ளப்பட்டுவிட்டன. நாங்கள் ஏமாற்றத்தோடு ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தேடிய பறவைகள் அவை.

இப்போது முயலுக்கு வருகிறேன்.

முயலுக்கு வரைபடப் புள்ளி கிடையாது. வாட்ஸ்அப் செய்தி கிடையாது. மாதங்கள் முக்கியம் இல்லை, எல்லா மாதமும் இங்கேயேதான் இருக்கிறது. நம் ஊர்க் காட்டு முயலுக்குப் பிடரியில் ஒரு கறுப்புத் திட்டு, வாலின் மேற்புறமும் கறுப்பு. கடையில் கூண்டில் விற்கிற வெள்ளை முயல் இதன் வீட்டு வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஐரோப்பியக் குழிமுயல், வேறு இனம். நம் முயல் வளை தோண்டாது. பகல் முழுக்கப் புல்லுக்குள் ஒரு பள்ளத்தில் படுத்திருக்கும். சாயங்காலம் எழுந்து மேயப் போகும்.

இதைத் தேடுவதில் முதல் பாடம், முயலைத் தேடாமல் முயல் விட்டுப்போனதைத் தேடுவது. சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் பக்கம் விற்காமல் கிடக்கும் மனைகளில் காலையில் ஒரு நடை போங்கள். எல்லைக்கல் பக்கம், வண்டித்தடத்தின் ஓரம், புல் குட்டையாக இருக்கிற இடங்களில் புழுக்கை கிடக்கும். நுனி வெட்டுப்பட்ட புல் இருக்கும். ஆடு மேய்ந்தால் புல் பிய்ந்து நார் நாராக நிற்கும். முயலின் வெட்டு பிளேடு போட்டமாதிரி சாய்வாகச் சுத்தமாக இருக்கும். இந்த இரண்டும் இருக்கிற இடத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்தால் வாய்ப்பு உண்டு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, நுழையவும் தேவையில்லை. முயல் மேய வெளியேதான் வருகிறது.

படுத்திருக்கிற முயலை நான் கிட்டத்தில் பார்த்தது ஒரு மாசி மாதப் பகலில். நாலடி தூரம் இருக்கும். காய்ந்த தர்ப்பைப் புதரின் அடியில் மண் நிறத்தில் ஏதோ ஒன்று. முதலில் கண்ணுக்குப் பிடிபட்டது கண்தான். பெரிய, இமைக்காத, பழுப்புக் கண், தலையின் பக்கவாட்டில். அது முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிற கண். அப்புறம் மெல்ல மற்றதெல்லாம் சேர்ந்து உருவமானது: முதுகோடு ஒட்டிப் படிந்த காதுகள், காதின் நுனி ஓரத்தில் கறுப்பு, மூச்சு வாங்குகிற விலா. மூக்கு மட்டும் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்பது அதற்குத் தெரியும்; தெரிந்தும் அசையவில்லை. நான் நின்றதுதான் அதற்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். நடந்துகொண்டே இருந்திருந்தால் விட்டிருக்கும். அரை நிமிஷம் நின்றதும் காலடியிலிருந்து வெடித்துக் கிளம்பி, இடதும் வலதுமாக வெட்டி வெட்டி ஓடி, சுற்றுச்சுவர் இடிந்த இடம் வழியாகக் காணாமல் போயிற்று. படுத்த பள்ளத்தில் கை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. முன்பக்கம் ஆழம் குறைவு, பின்பக்கம் இடுப்பு அமுங்கிய ஆழம். எப்போதும் பின்னங்கால் தயாராக இருக்கிற படுக்கை.

இதில் ஒரு நடைமுறைப் பாடம்: நின்று உற்றுப் பார்ப்பது இரண்டு ஜாதிக்குமே தொந்தரவு. சேற்றில் மேயும் உள்ளானும், நேராக நடந்து நெருங்கினால்தான் எழும்பும். பக்கவாட்டில், பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு, நிற்காமல் மெதுவாக நகர்ந்தால் நம்ப முடியாத தூரம்வரை விடும். ஆனால் பழவேற்காட்டில் ஒரு முறை பறக்கவிட்டால் சேதம் பெரிது. கூட்டமே எழும்பும், தின்று ஏற்றிய கொழுப்பு வீணாகும். பூநாரையைக் கிளப்பிப் பறக்கிற படம் எடுக்கச் சொல்லி படகுக்காரரை விரட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும்.

ராத்திரி டார்ச் அடித்து முயல் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். கண் சிவப்பாக மின்னும். தரையோடு தரையாக மின்னி, கிட்டப் போனதும் மேலே எழும்பிப் பறந்தால் அது பக்கி என்கிற ராத்திரிப் பறவை. எங்கள் பகுதியில் பக்கி நிறைய. பலமான வெளிச்சத்தை முகத்திலேயே நிறுத்தினால் முயல் உறைந்து நின்றுவிடும். வேட்டைக்காரன் செய்வதும் அதைத்தான். நன்மங்கலத்துக் கல்குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை இருக்கிறது. நாம் விளக்கடித்து முயலை நிறுத்திவைத்தால் பலன் அதற்குப் போகலாம். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டி, ஓரிரண்டு நொடிக்கு மேல் அடிக்காமல் இருந்தால் போதும்.

இரண்டும் உண்மையில் ஒன்றாகச் சேருகிற இடம் குட்டிதான். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பழவேற்காட்டில் சேற்றுப் பறவையாகத் தெரிகிற கிரேட் நாட், சைபீரியாவில் சேற்றையே நாடுவதில்லை. மலைமேட்டின் சரளைக்கல்லில், பாசி படர்ந்த வறண்ட தரையில் ஒரு பள்ளம், அதில் நாலு முட்டை. ஆபத்து வந்தால் அடைகாக்கிற பறவை அப்படியே அமுங்கிவிடும். குஞ்சு பொரிந்து ஈரம் காய்ந்ததும் எழுந்து நடந்து தானே பொறுக்கித் தின்னும், கூட இருந்து காப்பது பெரும்பாலும் தகப்பன். நம் முயல் குட்டியும் ரோமத்தோடு, திறந்த கண்ணோடு பிறக்கிறது. குழிமுயல் குட்டி மாதிரி குருட்டுச் சதைப்பிண்டமாக வளைக்குள் கிடப்பதில்லை. கூரை இல்லாத வெட்டவெளியில் பிறந்தால் வேறு வழியும் இல்லை.

சைபீரியா வரை போக முடியாதவர்கள் இதை எங்கள் காலிமனையிலேயே பார்க்கலாம். சிவப்புமூக்கு ஆள்காட்டியும் உள்ளானுக்குச் சொந்தக்கார ஜாதிதான். முயல் படுக்கிற அதே மனையில், ஜல்லி கொட்டிய இடத்தில் முட்டை வைக்கும். மார்ச்சிலிருந்து மழைக்காலம் தொடங்கும்வரை பார்த்து நடக்க வேண்டும். ஆள்காட்டிக் குஞ்சும் முயல் குட்டியும் ஆபத்து வந்தால் ஒரே வேலையைச் செய்கின்றன: தரையோடு ஒட்டி, அசையாமல் கிடக்கின்றன. ஆனால் பெற்றவர்கள் செய்வது நேர் எதிர். ஆள்காட்டி ஊரைக் கூட்டிவிடும், தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும், நாயை விரட்டும். முயல் தாய் எட்டியே பார்க்காது. தன் வாசனையையும் நடமாட்டத்தையும் குட்டியிடமிருந்து விலக்கி வைப்பதுதான் அதன் காவல். இருட்டிய பிறகு வந்து ஒரு சில நிமிஷம் பால் கொடுத்துவிட்டு மறுபடி விலகிப் போய்விடும்.

இது தெரியாததால் நடக்கிற விபரீதம் ஒன்று. எங்கள் தெருவில் ஒரு மனையைச் சுத்தம் செய்ய வந்தவர் புல்லுக்குள் தனியாகக் கிடந்த குட்டியை எடுத்து வந்து ஒரு வீட்டில் கொடுத்தார். பாவம், தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று எல்லோரும் உருகினார்கள். பசும்பால், ஃபில்லர், பழைய துண்டு, அட்டைப்பெட்டி, சுற்றிக் குழந்தைகள். இரண்டு நாள் தாங்கவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் தனியாகக் கிடக்கிற முயல் குட்டி அநாதை இல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. எடுத்துவிட்டார்கள் என்றால் அன்று இருட்டுவதற்குள் அதே இடத்தில் கொண்டுபோய் வைப்பது, நாயையும் குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடாமல் இருப்பது, இவ்வளவுதான் செய்ய வேண்டியது. காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படியும் குற்றம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முயலுக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. சாதாரணமானதற்கும் சட்டம் இருக்கிறது என்றால் ஆச்சரியப்படுகிறார்கள்.

பொங்கல் சமயத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அந்த விடுமுறையில்தான் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அக்கா மகன் மொட்டை மாடியில் காக்கா முதற்கொண்டு எண்ணி ஏற்றுவான். அதே நாட்களில் சில ஊர்களில் வலையும் நாயுமாக முயல் வேட்டைக்குக் கிளம்புகிற வழக்கம் இன்னும் ஓயவில்லை. வனத்துறை பிடித்து அபராதம் போட்ட செய்தி வருஷம் தவறாமல் வரும். ஒரு பக்கம் எண்ணுகிறார்கள், ஒரு பக்கம் எண்ணாமல் எடுக்கிறார்கள்.

என் கவலை வேட்டையைவிட அந்த எண்ணாமைதான். கிரேட் நாட் குறைந்தது உலகத்துக்குத் தெரிந்ததே யாரோ வருஷா வருஷம் உட்கார்ந்து எண்ணியதால்தான். மேடவாக்கத்திலிருந்து சித்தாலப்பாக்கம்வரை முன்பு எத்தனை முயல் இருந்தது? யாரும் எழுதி வைக்கவில்லை. 'முன்னெல்லாம் ஸ்கூட்டர் வெளிச்சத்துல குறுக்க ஓடும் சார்' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது கணக்கு ஆகாது. கிண்டி தேசியப் பூங்காவுக்கு வேலி இருக்கிறது, அங்கே முயலுக்கு நரியைத் தவிரப் பெரிய பயம் இல்லை. காலிமனை முயலுக்குத் தெருநாய், புதுச் சாலை, சுற்றுச்சுவர் மூன்றும் உண்டு. அதில் சுவர்தான் மோசம் என்பது என் அபிப்பிராயம். நாயிடமிருந்து ஓடிவிடும், மூன்று பக்கம் சுவர் எழும்பிய மனையில் ஓட எங்கே இடம்? ஆனால் உலகப் பட்டியலில் முயல் 'கவலைக்கு இடமில்லை' என்ற வரிசையில் இருக்கிறது. உலகத்துக்கு அது உண்மைதான். எங்கள் மனைக்கு அது பொருந்துமா என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

அதனால் இப்போது நான் ஒரு சின்ன வேலை செய்கிறேன், நீங்களும் செய்யலாம். நடக்கிற பாதை ஒன்றை மாற்றாமல் வைத்துக்கொள்வது. மாதம் ஒருமுறை அதே பாதையில் புழுக்கை, வெட்டிய புல், படுக்கைப் பள்ளம், வண்டியில் அடிபட்டது, நேரில் பார்த்தது எல்லாவற்றையும் குறித்து வைப்பது. இல்லை என்றால் இல்லை என்று எழுதுவது. அந்த 'இல்லை'யைத்தான் எல்லோரும் எழுதாமல் விடுகிறார்கள், பின்னால் அதுதான் பயன்படும். பறவைக்கு இ-பேர்ட் மாதிரி முயலுக்கு ஐநேச்சுரலிஸ்ட் இருக்கிறது. போனில் படம் எடுத்து ஏற்றினால் இடமும் தேதியும் தானாகப் பதிவாகும். முயல் நமக்காக நின்று படம் கொடுக்காது, ஆகவே புழுக்கையைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு தெரியும்.

ஆட்டுப் புழுக்கையோடு குழம்பாமல் இருக்க ஒரு வழி. ஆட்டினுடையது நீளவாக்கில், கறுத்து, வழவழப்பாக, ஒரு முனை லேசாகக் கூராக இருக்கும், குவியலாகக் கிடக்கும். முயலினுடையது உருண்டை, லேசாகத் தட்டையாக அமுங்கியிருக்கும், வைக்கோல் நிறம், கையில் நசுக்கினால் நார் நாராக உதிரும், நாற்றம் இருக்காது. முயல் மெத்தென்ற முதல் புழுக்கையைத் தானே மறுபடி தின்று இரண்டாம் முறை செரித்துவிட்டுக் கடைசியில் போடுவது இது, அதனால்தான் இவ்வளவு காய்ந்த சக்கையாக இருக்கிறது. இந்தத் தகவலைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதற்கு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் மகன் மட்டும் தட்டிலிருந்து தலை நிமிர்த்தி, "அப்போ கிரேட் நாட் போடுறது எப்படி மாமா இருக்கும், மட்டி ஓடு தெரியுமா?" என்று கேட்டான். தெரியும், நொறுங்கிய ஓடு அதில் வரும். அடுத்த ஜனவரியில் பழவேற்காட்டில் கூட்டம் எழும்பிப் போன பிறகு அந்தச் சேற்றில் இறங்கித் தேடலாம் என்று முடிவாகியிருக்கிறது. முழங்கால்வரை உள்ளே போகும், செருப்பு வேண்டாம், இறுக்கமான பழைய ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.